கரடி உலவும் மலையில் கட்டுச்சோறும் குடிநீரும்

(சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

இம்மேடையில் கம்பனைப் பற்றியும் வள்ளுவரைப் பற்றியும் பேசுவது மரபு. இன்று நாம் பேச வந்திருப்பதோ சோற்று மூட்டையையும் தண்ணீர்ப் பாத்திரத்தையும் பற்றி. வருகிற மே மாதக் கடைசியில் நம் காலனிப் பிள்ளைகள் பதினெண்மரும், துணைக்குப் பெரியவர்கள் அறுவரும், உத்தரகாசி மாவட்டத்திலுள்ள ஹர்-கி-தூன் பள்ளத்தாக்குக்கு நடைப்பயணமாகச் செல்லவிருக்கிறார்கள். அதற்குப் பதினெட்டு வீடுகளிலிருந்தும் சம்மதக் கடிதம் வரவேண்டும். பதினொரு வீடுகளிலிருந்து வந்துவிட்டது. ஏழு வீடுகளிலிருந்து வரவில்லை. காரணம் கேட்டால், "அங்கே கரடி இருக்கிறதாமே!" என்கிறார்கள். இருக்கிறது என்பதே நாம் தரக்கூடிய நேர்மையான விடை. இல்லையென்று சொல்லிக் கையெழுத்து வாங்க நமக்கு விருப்பமில்லை. கரடி இருக்கும் இடத்துக்கு எவ்வாறு போகவேண்டும், எவ்வாறு உண்ணவேண்டும், எவ்வாறு குடிக்கவேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறோம். பிறகு கையெழுத்திடுவது உங்கள் விருப்பம்.

முதலில் இடத்தைப் பற்றிச் சில சொற்கள். டேராடூன் வரை ரயில். அங்கிருந்து சாங்கிரி என்னும் மலைக்கிராமம் வரை ஏறத்தாழ 200 கிலோமீட்டர் மலைச்சாலை. பிறகு தாலுக்கா, கங்காட், ஓஸ்லா ஆகிய ஊர்களின் வழியே ஆற்றோரமாக நடை. பள்ளத்தாக்கு கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 3,560 மீட்டர் உயரத்தில் தொட்டிலைப்போல் அமைந்திருக்கிறது. எதிரே தெரியும் பனிச்சிகரத்துக்கு ஸ்வர்க்காரோகிணி என்று பெயர். பாண்டவர்கள் அவ்வழியேதான் வானுலகு ஏறினார்கள் என்பது அந்நாட்டு மக்களின் நம்பிக்கை. நம் பிள்ளைகள் ஏறிப்போய் இறங்கியும் வரவேண்டியவர்கள் ஆதலால், தருமபுத்திரரைவிடச் சற்று முன்னேற்பாடு அதிகம் வேண்டும்.

அப்பகுதி முழுவதும் கோவிந்த் தேசியப் பூங்காவைச் சேர்ந்தது. அங்கே இருவகைக் கரடிகள் உண்டு. ஓக் மரமும் வால்நட் மரமும் அடர்ந்த காடுகளில் இருப்பது கருங்கரடி. அதன் மார்பில் பிறைச்சந்திரனைப்போல் வெண்மையான அடையாளம் இருக்கும். மரம் ஏறுவதில் அது மகா சமர்த்து. மரங்கள் நின்றுபோய்ப் புல்வெளி தொடங்கும் உயரத்தில் இருப்பது பழுப்புக்கரடி. இது உருவத்தில் பெரியது. மண்ணைத் தோண்டிக் கிழங்கும் எலியினமும் தின்பது. சமயம் வாய்த்தால் ஆட்டு மந்தையிலும் கை வைப்பது. இரண்டும் குளிர்காலத்தைப் பெரும்பாலும் குகையிலோ பொந்திலோ உறங்கிக் கழித்து, வசந்தத்தில் பசியோடு வெளியே வருகின்றன. நம் பிள்ளைகள் போகும் மே மாதம் அந்தப் பசி இன்னும் தீராத மாதம். இலையுதிர் காலத்தில், அடுத்த உறக்கத்துக்காக உடம்பில் கொழுப்பு ஏற்றிக்கொள்ள, நாள் முழுவதும் தின்றுகொண்டே இருக்கும்.

கரடிக்கு மனிதன்மேல் விரோதம் ஒன்றுமில்லை. அதற்கு இருப்பதெல்லாம் ஒரு மூக்கும் ஒரு வயிறும். நாய்க்கு மோப்பம் அதிகம் என்று நாம் எண்ணியிருக்கிறோம். கரடியின் மோப்பம் அதனினும் பெரிது என்பது விலங்கியல் வல்லார் கருத்து. நெய்யின் வாசனையோ வெல்லத்தின் வாசனையோ காற்றில் கிளம்பினால், அது எங்கிருந்து வருகிறது என்பதைக் கரடி கண்டுபிடிக்கும். ஒருமுறை அங்கே தீனி கிடைத்துவிட்டால் அந்த இடத்தை மறப்பதில்லை. அடுத்த ஆண்டும் வரும். தன் குட்டிகளையும் அழைத்து வரும்.

நம் நீலகிரியில் இதைக் கண்கூடாகக் காணலாம். அங்கிருப்பது வேறு இனம், தேன்கரடி. கோத்தகிரி, குன்னூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் இரவில் இறங்கி, கோயில் கதவை உடைத்து உள்ளே புகுந்து, விளக்கு எண்ணெயைக் குடித்துவிட்டுப் போகும் செய்தி அடிக்கடி வருகிறது. கரடி பக்தியினால் கோயிலுக்குப் போகவில்லை, நல்லெண்ணெய்க்காகப் போகிறது. நம் வீட்டு மூட்டைகளில் என்னென்ன இருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். புளியோதரை, அதன்மேல் நல்லெண்ணெய்; மிளகாய்ப்பொடி, அதற்கும் நல்லெண்ணெய்; நெய், தேன், எள்ளுருண்டை, பொருள்விளங்கா உருண்டை, நிலக்கடலை மிட்டாய். கரடியே உட்கார்ந்து ஜாபிதா எழுதினாலும் இதைவிடச் சிறப்பாக எழுதாது!

இவ்விஷயத்தில் அமெரிக்க தேசத்தார் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம் பெரிது. யெல்லோஸ்டோன் பூங்காவில் ஒரு காலத்தில் உணவு விடுதிகளின் எச்சிலைக் குப்பைமேட்டில் கொட்டுவார்கள். அதைத் தின்னக் கரடிகள் கூடும். அக்காட்சியைக் காண மனிதர்கள் பலகை ஆசனங்களில் அமர்ந்திருப்பார்கள். சாலையோரத்தில் மோட்டாரை நிறுத்திக் கையாலேயே தீனி கொடுத்தவர்களும் உண்டு. கரடி மனிதனை உணவோடு சேர்த்து நினைக்கக் கற்றுக்கொண்டது. 1967-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், கிளேசியர் தேசியப் பூங்காவில், ஒரே இரவில் இரண்டு வெவ்வேறு இடங்களில் இரண்டு இளம்பெண்களைக் கரடிகள் கொன்றன. அவற்றுள் ஓர் இடத்துக்கு அருகேயிருந்த விடுதியில் இரவுதோறும் எச்சிலைக் கொட்டிக் கரடிகளை வரவழைத்து விருந்தினருக்குக் காட்டுவது வழக்கமாக இருந்தது. அதன் பிறகே சட்டங்கள் இறுகின. யெல்லோஸ்டோனின் திறந்த குப்பைமேடுகள் 1970-ஆம் ஆண்டுக்குள் மூடப்பட்டன.

யோசெமிட்டி என்னும் பூங்காவின் கதை இன்னும் விநோதமானது. 1998-ஆம் ஆண்டில் மட்டும் அங்கே கரடிகளால் ஆயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்ட சேதங்கள் பதிவாயின. பெரும்பாலானவை மோட்டார்க் கதவைப் பிய்த்து உள்ளிருந்த தின்பண்டத்தை எடுத்தவை. பின்னர் அறிஞர்கள் 2001 முதல் 2007 வரையுள்ள கணக்கை ஆராய்ந்து பார்த்தார்கள். குடும்பத்தோடு செல்லும் மினிவேன் என்னும் வண்டியைக் கரடிகள் மற்ற வண்டிகளைக் காட்டிலும் அதிகமாக உடைத்திருந்தன. குழந்தைகள் இருக்கைகளில் பிஸ்கோத்தையும் பாலையும் சிந்துவது அதற்கு ஒரு காரணமாயிருக்கலாம் என்று ஊகித்தார்கள். இதைப் படித்தபோது நமக்கு நம் காலனிச் சுற்றுலாப் பேருந்தின் தரைதான் நினைவுக்கு வந்தது.

அங்கே இப்போது மலைக்குள் இரவு தங்கப் போகிறவர் ஒவ்வொருவரும் உணவைக் கனத்த பிளாஸ்டிக் உருளைப் பெட்டியில் வைத்திருக்கவேண்டும். அதன் மூடியைத் திறக்க விரல் வேண்டும். கரடி உருட்டலாம், அடிக்கலாம், திறக்க முடியாது. முகாம்களில் இரும்பு அலமாரிகள் இருக்கின்றன. இவ்வேற்பாடுகளால் சேதங்கள் மிகமிகக் குறைந்துவிட்டன. ஆனாலும் கரடியின் புத்தியைக் குறைவாக எடைபோட வேண்டாம். நியூயார்க் மாநிலத்து அடிரோண்டாக் மலைகளில் ஒரு பெண்கரடி இருந்தது. காதுகளில் மஞ்சள் வில்லைகள் மாட்டியிருந்ததால் அதற்கு 'மஞ்சள் மஞ்சள்' என்றே பெயர். அத்தகைய உருளைப் பெட்டி ஒன்றின் மூடியைத் திறக்க அது தானாகவே கற்றுக்கொண்டுவிட்டது. பெட்டி செய்தவர்கள் மூடியை மாற்றினார்கள். அது புதிய மூடியையும் வென்றது. 2012-ஆம் ஆண்டு ஒரு வேட்டைக்காரனின் குண்டுக்கு இரையாயிற்று. மனிதச் சோற்றின் ருசி கண்ட கரடிக்குப் பெரும்பாலும் முடிவு அதுதான். சர்க்கார் சுடும், அல்லது வேறொருவர் சுடுவார். நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்க் கரடியைக் கொல்வது குற்றம். ஆயினும் மிளகாய்ப்பொடி டப்பாவைத் தேடி நம் கூடாரத்துக்கு வந்து பழகிய கரடி, அடுத்து ஓஸ்லாவிலோ கங்காட்டிலோ ஓர் ஏழை வீட்டின் கதவை உடைக்கும். நாம் ரயிலேறி வந்துவிடுவோம்; அவர்கள் அங்கேயே இருக்கவேண்டியவர்கள். காஷ்மீரத்தில் சோனமர்க் பக்கத்துப் பழுப்புக்கரடிகளின் எச்சத்தைச் சோதித்தவர்கள் அதனுள் பிளாஸ்டிக் பையும் சாக்லேட் உறையும் கண்டிருக்கிறார்கள். அவை கரடி கடையில் வாங்கியவை அல்லவே!

இனி நாம் செய்யவேண்டியதைப் பார்ப்போம். அந்த உருளைப் பெட்டியை நம் பக்கத்துக் கடைகளில் நாம் பார்த்ததில்லை. ஆகவே கோவேறு கழுதைமேல் ஏற்றிச் செல்லக்கூடிய இரண்டு கனத்த இரும்பு டிரங்குப் பெட்டிகள் என்று முடிவு செய்திருக்கிறோம். கொண்டியும் பூட்டும் உள்ளவை. மெல்லிய தகரப் பெட்டியைக் கரடி அப்பளம்போல் நொறுக்கிவிடும். ஆதலால் சென்ற வாரம் ஒருவர் அன்போடு கொண்டுவந்து காட்டிய பழைய கல்யாணப் பெட்டியை மன்னிக்கவேண்டும். கனத்த பெட்டியையும் முழுக் காப்பென்று சொல்லமாட்டோம். துணிப்பையைக் காட்டிலும் பன்மடங்கு மேல் என்பதே நம் மதிப்பு. பெட்டிக்குள் ஒவ்வொரு பண்டமும் இறுக மூடும் டப்பாவில் இருக்கவேண்டும். டப்பாவைச் சுற்றி வாசனை கசியாத பை ஒன்று. எண்ணெய் சிந்திய துணியால் கட்டிய பொட்டலம் கூடவே கூடாது.

உணவை மரத்தில் கட்டித் தொங்கவிடலாமே என்று இளைஞர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. யெல்லோஸ்டோனில் அதற்கு ஓர் அளவு சொல்கிறார்கள்: தரையிலிருந்து பத்தடி உயரம், அடிமரத்திலிருந்து நான்கடி தள்ளி. கிளையில் கயிறு போட்டு அந்த அளவில் மூட்டை கட்டுவது காகிதத்தில் எளிது. இருட்டில், குளிரில், களைத்த கையால் செய்வது எளிதன்று. மேலும் நம் கருங்கரடி மரம் ஏறுவது; ஹர்-கி-தூன் மேட்டிலோ தகுந்த மரமே அரிது. எனவே பெட்டிதான்.

பெட்டியை எங்கே வைப்பது என்பதுதான் முக்கியம். உறங்கும் கூடாரம் ஓரிடம். சமைப்பதும் உண்பதும் அங்கிருந்து நூறு கஜ தூரத்தில், காற்று வீசும் திசையில் கீழ்ப்புறம். உணவுப் பெட்டி மூன்றாவது இடம், அதுவும் கூடாரத்திலிருந்து நூறு கஜம் தள்ளி. பார்சல் ஆபீஸில் மீன் கூடையையும் பட்டுப்புடவைச் சிப்பத்தையும் ஒரே மூலையில் அடுக்குவாருண்டோ? பெட்டியின்மேல் இரண்டு எவர்சில்வர் தட்டுகளைக் கவிழ்த்து வைத்துவிட வேண்டும். இரவில் தட்டு விழுந்த சத்தம் கேட்டால் யாரும் வெளியே ஓடிப் போகக்கூடாது. கூடாரத்திலிருந்தபடியே எல்லோரும் சேர்ந்து சத்தமிட்டு, கையில் உள்ள பாத்திரத்தைத் தட்டினால் போதும். பெட்டியைக் காப்பாற்றக் கரடியோடு மல்லுக்கு நிற்பவருக்குச் சங்கம் பாராட்டு விழா எடுக்காது.

கூடாரத்துக்குள் உணவு என்ற பேச்சே இருக்கக்கூடாது. இவ்விடத்தில் தாய்மார்களுக்கு ஒரு விண்ணப்பம். நீங்கள் பிள்ளையின் பைக்குள், சட்டைக்கும் கம்பளிக்கும் நடுவில், யாரும் அறியாமல் ஒரு பொட்டலம் தேன்குழல் வைப்பீர்கள். பிள்ளையும் அதை நள்ளிரவில் போர்வைக்குள் வைத்துக் கடிப்பான். உங்கள் அன்பை நாம் அறிவோம், கரடியும் அறியும். தேன்குழல் தாராளமாகச் செய்து கொடுங்கள், பொதுப் பெட்டிக்குக் கொடுங்கள். பற்பசை, சோப்பு, தலைக்குத் தேய்க்கும் தேங்காயெண்ணெய், ஊதுவத்தி, விளக்கெண்ணெய் இவையும் கரடிக்கு உணவுதான். இவையெல்லாம் பெட்டிக்குள் போகவேண்டும். சமைத்தவர் சாம்பார் தெறித்த உடையோடு உறங்கக்கூடாது; மாற்றுடை உடுத்தவேண்டும். பெருங்காய வாசனைக்குக் கரடி ஓடிவிடும் என்று ஒரு பெரியவர் சொன்னார். அதை நம்பிப் பிள்ளைகளை உறங்கவைக்க நமக்குத் துணிவில்லை.

மிச்சம் மீதியைப் புதைப்பதும் பயனில்லை. தோண்டுவதே அதன் தொழில். எவ்வளவு தேவையோ அவ்வளவே சமைத்து, மிஞ்சியதைப் பையில் கட்டி, பெட்டியில் வைத்து, ஊருக்குத் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

நடக்கும் வழியில் கரடி எதிர்ப்பட்டால் ஓடக்கூடாது. கரடியின் ஓட்டத்தை எந்த மனிதனும் வெல்ல முடியாது. அதைப் பார்த்தபடியே மெல்லப் பின்வாங்கவேண்டும். குட்டியோடு இருந்தால் இன்னும் அதிக விலகல். புதர் அடர்ந்த இடங்களில் பேசிக்கொண்டும் பாடிக்கொண்டும் போனால், அதுவே முன்கூட்டி அறிந்து விலகிப்போகும். திடீரென்று எதிர்ப்பட்டு மிரளும் கரடிதான் பெரும்பாலும் தாக்குகிறது, அதுவும் முகத்திலும் தலையிலும். நம் பிள்ளைகளைப் பேசாமல் இருக்கச் சொல்வதுதான் கடினம். பேசச் சொல்வது எளிது.

கரடியைப் பற்றி இவ்வளவு கேட்டீர்கள். ஆனால் உண்மையைச் சொன்னால், மலையில் நம் பிள்ளைகளுக்குக் கரடியினும் அருகில் இருக்கும் அபாயம் தண்ணீர். கரடி வரலாம், வராமலும் போகலாம். தண்ணீரை நாள்தோறும் குடித்தே தீரவேண்டும்.

இரண்டாண்டுகளுக்கு முன் நம் காலனிக் குடும்பங்கள் சில வேறொரு பள்ளத்தாக்குக்குச் சென்றதும், நாமும் உடன் சென்றதும் உங்களுக்கு நினைவிருக்கும். முகாம் நடத்தியவர் பெயர் இங்கே வேண்டாம். சமையற் கூடாரத்தை உறங்கும் கூடாரங்களின் இடையிலேயே அடித்திருந்தார்கள். இரண்டாம் இரவு ஏதோ ஒன்று வந்து கூடாரத்தைக் கிழித்து நெய் டின்னையும் வெல்லத்தையும் கொண்டுபோயிற்று. காலையில் சேற்றில் நகத்தோடு கூடிய ஐந்து விரல் தடம் தெரிந்தது. ஒருவருக்கும் ஆபத்தில்லை. ஊர் திரும்பியதும் எல்லோரும் இதையே பெருங்கதையாகப் பேசினார்கள். உண்மையான சேதம் மெல்ல வந்தது. திரும்பிய ஒரு வாரத்தில் மூன்று குழந்தைகளுக்கு வயிறு உப்பல், துர்நாற்றமான ஏப்பம், நிற்காத பேதி. எல்லோரும் ரயிலில் வாங்கிய சாப்பாட்டையே குற்றம் சொன்னார்கள். நமக்கு அதில் சற்று மனத்தாங்கல்தான்! தேதிகளை வரிசையாக எழுதிப் பார்த்தோம். அதே சாப்பாட்டை உண்ட மலைக்கு வராத உறவினர் இருவர் நலமாக இருந்தார்கள். மருத்துவர் மலத்தைச் சோதித்து, ஜியார்டியா என்னும் நுண்ணுயிர் என்றார். அது உள்ளே போய் ஒரு வாரம், சில சமயம் இரண்டு வாரம் கழித்தே நோயைக் காட்டும் என்றும் சொன்னார். முகாமில் "காய்ச்சிய நீர்" என்று கொடுத்தது ஓடையிலிருந்து நேரே மொண்டதென்று பின்னர்த் தெரிந்தது. மூன்று குழந்தைகளும் மருந்தில் குணமானார்கள். ஆனால் ஒரு பெண்குழந்தை அரையாண்டுத் தேர்வு எழுத முடியாமலே போயிற்று.

பனிமலை ஓடையில் நீர் பளிங்குபோல் இருக்கிறதே, அதில் என்ன அழுக்கு என்று கேட்கலாம். அந்த ஓடைக்கு மேலே என்ன இருக்கிறது என்று பார்க்கவேண்டும். ஹர்-கி-தூன் வழியில் ஊர்கள் இருக்கின்றன. கோவேறு கழுதைகள் நாள்தோறும் நடக்கின்றன. கோடையில் ஆயிரக்கணக்கான ஆடுகள் மேய்ச்சலுக்கு மேலே ஏறுகின்றன. நம்மைப்போன்ற பயணிகளும் இருக்கிறார்கள். இவ்வளவு பேருடைய கழிவுக்கும் மழை ஒன்றே துப்புரவாளர். ஜியார்டியாவின் கூடு குளிர்ந்த நீரில் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கிலும் உயிரோடு இருக்கும். ஊருக்கும் பாதைக்கும் மேற்புறத்தில் ஊறும் சுனை நீர் ஆற்று நீரைவிட மேல். அதையும் சுத்தி செய்தே குடிக்கவேண்டும்.

சுத்தி செய்வதில் முதலிடம் கொதிக்கவைப்பதற்குத்தான். இங்கே ஒரு சந்தேகம் எழும். மேலே போகப்போக நீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு டிகிரி குறையும். ஹர்-கி-தூனில் நீர் 88 டிகிரி அளவிலேயே கொதிக்கும். அதனால்தான் மலையில் துவரம்பருப்பு வேகமாட்டேன் என்று பிடிவாதம் பிடிக்கிறது. பருப்பே வேகாத சூட்டில் கிருமி சாகுமா? சாகும். நோய்க்கிருமிகள் பருப்பைவிட மெல்லிய உயிர்கள். 70 டிகிரிச் சூட்டிலேயே ஒரு சில நிமிடங்களில் மடிந்துவிடும். 2,000 மீட்டருக்கு மேலே மூன்று நிமிடம் தளதளவென்று கொதித்தால் போதும் என்பது மருத்துவத் துறையார் விதி. பருப்புக்குப் பிரஷர் குக்கர் எடுத்துப் போகிறோம். நீருக்கு அது தேவையில்லை.

ஆனால் எரிபொருளைக் கணக்கிட வேண்டுமல்லவா? இருபத்து நால்வர், ஆளுக்குக் குடிக்க மூன்று லிட்டர், சமையலுக்கு ஒரு லிட்டர். நாளொன்றுக்கு ஏறத்தாழ நூறு லிட்டர். அவ்வளவையும் கொதிக்கவைக்கத் தூக்கிச் செல்லும் வாயு உருளைகள் போதா. காட்டில் விறகு வெட்டவும் கூடாது. ஆகவே பங்கிட்டிருக்கிறோம். இரவுச் சாப்பாட்டோடு கொதிக்கவைத்த நீர் காலைவரை குடிப்பதற்கு. சூட்டோடு பாட்டிலில் ஊற்றித் துணி சுற்றிப் போர்வைக்குள் வைத்தால், குழந்தைக்குக் காலில் கதகதப்பு, விடிந்ததும் குடிநீர். நடக்கும்போது குடிப்பதற்கு வடிகட்டியும் குளோரின் மாத்திரையும்.

ஒவ்வொன்றும் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று தெரிந்திருக்கவேண்டும். குளோரின் மாத்திரை பாக்டீரியாவையும் வைரஸையும் கொல்லும். அரை மணி நேரம் காத்திருக்கவேண்டும். பனிக்கட்டிபோல் குளிர்ந்த நீரானால் இன்னும் இருமடங்கு நேரம். ஆனால் கிரிப்டோஸ்போரிடியம் என்று ஒரு நுண்ணுயிர் இருக்கிறது. அது குளோரினைப் பொருட்படுத்துவதே இல்லை. நுண்துளை வடிகட்டி அதையும் ஜியார்டியாவையும் பாக்டீரியாவையும் தடுத்துவிடும். ஆனால் வைரஸ் அதன் துளையினும் சிறியது, தப்பிவிடும். ஆதலால் முதலில் வடிகட்டி, பிறகு மாத்திரை. இரண்டும் சேர்ந்தால் ஒன்று விட்டதை மற்றது பிடிக்கும். நுண்குழல் வடிகட்டியை ஒருமுறை நனைத்தபின் இரவில் உறைய விட்டால் உள்ளே வெடிப்பு உண்டாகும். வெளியே பார்த்தால் தெரியாது, வேலையும் செய்யாது. அதனால் இரவில் அதைப் பையோடு போர்வைக்குள் வைத்துக்கொண்டு உறங்கவேண்டும். தேன்குழலுக்கு இல்லாத இடம் அதற்கு உண்டு.

பனியாற்று நீர் சில இடங்களில் கலங்கி, சுண்ணாம்பு கரைத்ததுபோல் வரும். கலங்கிய நீரில் மாத்திரை சரியாக வேலை செய்யாது, வடிகட்டியும் அடைத்துக்கொள்ளும். இரவு முழுவதும் தெளியவிட்டு, பழைய பருத்திச் சேலையை நான்காய் எட்டாய் மடித்து வடிகட்டவேண்டும். இதை எளிதாக நினைக்கவேண்டாம். வங்காள தேசத்துக் கிராமங்களில் பழஞ்சேலையை மடித்து நீர் வடிகட்டச் சொல்லிக்கொடுத்ததில், காலரா ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததென்று 2003-ஆம் ஆண்டு வெளியான ஆராய்ச்சி ஒன்று காட்டியது. நம் முன்னோர் தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் தேய்த்து நீரைத் தெளியவைத்ததும் இவ்வழியைச் சேர்ந்ததே. தெளிந்த நீர் வேறு, தூய நீர் வேறு என்பதை மட்டும் மறக்கவேண்டாம். தெளியவைப்பது முதற்படி, கொதிக்கவைப்பதோ மருந்திடுவதோ இரண்டாம் படி.

சுத்தி செய்த நீரை மறுபடி கெடுப்பது பெரும்பாலும் கைதான். அகன்ற வாய்ப் பாத்திரத்தில் டம்ளரை முக்கி எடுத்தால், விரலும் சேர்ந்து முங்கும். குறுகிய வாயுள்ள கூஜாவிலிருந்து சாய்த்து ஊற்றவேண்டும். அண்ணாந்து குடிக்கும் நம் பழக்கத்தைக் காலனியில் வடக்கத்திய நண்பர்கள் வியப்பாகப் பார்ப்பதுண்டு. மலையில் இருபத்து நால்வர் ஒரே பாட்டிலில் குடிக்கும்போது அதைவிடச் சுகாதாரமான வழக்கம் வேறில்லை. காலைக்கடனுக்கு நீர்நிலையிலிருந்து குறைந்தது எழுபது பெரிய எட்டு தள்ளிப் போகவேண்டும், குழி தோண்டி மூடவேண்டும், திரும்பியதும் சோப்பு. பாத்திரத்தை ஓடையில் இறங்கித் தேய்க்கக்கூடாது. அந்த எச்சில் நீர் கீழேயுள்ள ஊருக்குக் குடிநீர், மேலேயுள்ள கரடிக்கு அழைப்பிதழ்.

எவ்வளவு காத்தும் ஒரு குழந்தைக்குப் பேதி கண்டால் உடனே நீரிழப்பைத் தடுக்கவேண்டும். உப்புச் சர்க்கரைப் பொட்டலங்கள் ஐம்பது எடுத்துப் போகிறோம். அது தீர்ந்தால், காய்ச்சி ஆறிய நீர் ஒரு லிட்டர், சமமட்டமாக ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. சிறிது சிறிதாக, அடிக்கடி. மலத்தில் இரத்தம் கண்டாலோ, சிறுநீர் நின்றுபோனாலோ, குழந்தை சோர்ந்து கிடந்தாலோ அக்குழு அன்றே கீழே இறங்கும். சிகரத்தைப் பார்க்கவில்லையே என்ற பேச்சுக்கு இடமில்லை. கோவேறு கழுதை ஒன்று இதற்காகவே சுமையின்றி உடன் வரும்.

கையெழுத்திடாத ஏழு வீட்டாரும் இவ்வளவையும் கேட்டுவிட்டார்கள். இன்னும் ஐயமிருந்தால் கூட்டம் முடிந்ததும் கேட்கலாம். நாம் கூடத்தின் வாயிலிலேயே இருப்போம். வருகிற ஞாயிறு மாலை நான்கு மணிக்குச் சங்கக் கூடத்தின் பின்புற மைதானத்தில் டிரங்குப் பெட்டிகளை அடுக்கிப் பார்க்கிறோம். கூடாரம் ஓரிடம், அடுப்பு ஓரிடம், பெட்டி ஓரிடம் என்று நூறு கஜம் அளந்து கொடி நட்டிருக்கும். பிள்ளைகள் இறுக மூடும் டப்பா இரண்டு, பழைய பருத்திச் சேலைத் துண்டு ஒன்று, மூடியுள்ள தண்ணீர்ப் பாட்டில் ஒன்று, தங்கள் முதுகுப் பை ஆகியவற்றோடு வரவேண்டும். பையை அங்கேயே அவிழ்த்துச் சோதிப்போம். தாய்மார்களும் வரலாம், பொட்டலங்களைக் கொடுக்கவேண்டிய இடம் பெட்டிக்கருகில் இருக்கும் மேசை.